கை தூக்கினால் நிற்கணும்

மார்கழி பிறந்துவிட்டால் ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். "தீவுத்திடல்ல ஆள் எடுக்கறாங்களாமே, யாரைப் பாக்கணும்?" கேட்பவன் பெரும்பாலும் கல்லூரியில் முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ படிப்பவன். காலை ஷிப்ட் வகுப்பு முடிந்ததும் மதியத்துக்கு மேல் சும்மா இருப்பான். பதில் சொல்பவன் போன சீசனில் வேலை பார்த்தவன். வேலைக்கு விளம்பரமும் கிடையாது, இன்டர்வியூவும் கிடையாது. ஒருத்தன் இன்னொருத்தனைக் கூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். அப்படி ஒருத்தன் பின்னால் போய்ச் சில சீசன் அங்கே ராட்டினத்தில் ஹெல்பராக நின்றவன் நான். கோடை விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் நின்றிருக்கிறேன். இந்த மார்கழியில் டீக்கடையில் கேட்கப் போகிற பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கூண்டிலிருந்து அண்ணா சாலைக்கு ஏறி, சிம்சனைத் தாண்டி நேரே நடந்தால், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் மன்றோ சிலையாக உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி இருப்பதுதான் தீவுத்திடல். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வருஷா வருஷம் நடத்தும் இந்திய சுற்றுலா மற்றும் தொழில் பொருட்காட்சி இங்கேதான் நடக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அது எக்ஸிபிஷன். 2023இல் நடந்தது 47ஆவது. கொரோனாவால் 2021, 2022 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. ராட்டினக்காரர்களிடம் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முகம் மாறும். மெஷினைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கவே கடன் வாங்கியவர்கள் அவர்கள்.

அரசு நடத்துகிற பொருட்காட்சி என்பதால் அரசு சம்பளம் என்று நினைத்துவிட வேண்டாம். இடத்தை எடுத்தவர் ஒருவர், அவரிடம் மெஷினைக் கொண்டுவந்து இறக்கியவர் இன்னொருவர், அவருக்கு ஆள் பிடித்துத் தருபவர் மூன்றாமவர். இத்தனை கை தாண்டித்தான் கூலி நம்மிடம் வரும். அதனால் சேரும் அன்றே, "எனக்குக் காசு தரப்போறது யாரு?" என்று கேட்டு, அந்த ஆளின் முகத்தை நேரில் பார்த்துவிடுவது நல்லது. பெயர் மட்டும் தெரிந்தால் போதாது.

ராட்டினக்காரர்களுக்குத் தீவுத்திடல் ஒரு நிறுத்தம்தான். தையும் மாசியும் இங்கே. பங்குனியில் மூட்டை கட்டினால் சித்திரைக்கு மதுரை, ஆடிக்குச் சேலம் கோட்டை மாரியம்மன், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், புரட்டாசியில் குலசை தசரா. பஞ்சாங்கம் பார்க்காமலே எந்த ஊரில் என்றைக்குத் திருவிழா என்று சொல்லிவிடுவார்கள். நம்மைப் போன்ற உள்ளூர்ப் பையன்கள் அந்த வட்டத்தில் ஓர் ஊருக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறவர்கள். மெஷினோடு கூடவே வரும் ஆட்களில் பாதிப் பேர் பீகார், உத்தரப்பிரதேசத்துக்காரர்கள். நான் இன்றைக்கு உளறும் இந்தி அவர்களிடம் கற்றதுதான்.

பூங்கா வேலை வேறு மாதிரி. யூனிஃபார்ம், பஞ்ச் கார்டு, வரிசையாகப் பயிற்சி, கேன்டீன் சாப்பாடு எல்லாம் இருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆள் தேவை. ஜூனில் பள்ளி திறந்ததும் தானாகவே கழற்றிவிடுவார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவும் திறந்துவிட்டதால் அந்தப் பக்கம் வேலை கூடியிருக்கிறது. ஆனால் ராயப்பேட்டையிலிருந்து போய்வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு சினிமாவும் பாதியும் பார்த்துவிடலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஏசியில், வருஷம் முழுக்க வேலை வேண்டும் என்பவர்கள் 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்ததிலிருந்து அங்கேயுள்ள விளையாட்டு அரங்குக்குப் போகிறார்கள். அதில் தப்பில்லை. புழுதி இல்லை, கூவம் வாடை இல்லை. ஆனால் அங்கே நீங்கள் கார்டு தேய்க்கும் மெஷினுக்குக் காவல். ராட்டினத்தில்தான் மனுஷ உயிருக்கு.

இந்த வேலைக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதில்லை. நான் கை தூக்கினால் வண்டி நிற்குமா என்பதுதான்.

ராட்டினத்தில் இரண்டு பேர் முக்கியம். பொத்தானும் பிரேக்கும் ஆபரேட்டரிடம் இருக்கும். மேடையில் நின்று ஆட்களை ஏற்றி, கம்பி பூட்டி, இறக்குபவன் ஹெல்பர். கொலம்பஸ் கப்பலோ டோரா டோராவோ எதுவானாலும், ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியிலிருந்து எல்லா சீட்டும் தெரியாது. ஹெல்பரின் கண்தான் அவருக்குக் கண். ஸ்பீக்கரில் பாட்டு அலறும்போது வாயால் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காது. கட்டைவிரல் காட்டினால் போகலாம். கை முழுசாக மேலே போனால் நிற்க வேண்டும்.

நான் முதலில் நின்றது ஒரு கொலம்பஸில். ஆபரேட்டர் சேலத்துப் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். எல்லாப் பையன்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "கை தூக்குனா நிக்கும் கண்ணு. ஏன் தூக்குனேன்னு அப்பறமாக் கேட்டுக்கறேன். அதுக்காக ஒருநாளும் திட்ட மாட்டேன்." அந்தச் சீசன் முழுக்க அப்படித்தான் இருந்தார்.

ஒரு காணும் பொங்கல் அன்று அதைப் பார்த்தேன். சென்னையில் அன்றைக்குக் கூட்டம் மெரினாவில் நிரம்பி, வழிந்தது தீவுத்திடலுக்கு வரும். கொலம்பஸுக்கு வரிசை வளைந்து வளைந்து டெல்லி அப்பளக் கடை வரை போயிருந்தது. ஒரு வரிசை சீட்டில் நல்ல பருமனான அப்பா, பக்கத்தில் குச்சி மாதிரி ஒரு பையன். கம்பியை இறக்கிப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன், பூட்டு சரியாக இருந்தது. கை காட்டிவிட்டு நகரும்போதுதான் கவனித்தேன். கம்பி அப்பாவின் தொடையில் போய் முட்டி நின்றிருந்தது. பையனின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகலாம், அத்தனை இடைவெளி. கப்பல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. கை தூக்கினேன். அடுத்த ஆட்டத்துக்குள் பிரேக் பிடித்தார்.

அப்பாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. காசு கொடுத்திருக்கிறேன், பிள்ளையை நான் பிடித்துக்கொள்ள மாட்டேனா என்றார். வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். நான் பையனை எழுப்பி நடு வரிசையில், அவன் உயரத்து இரண்டு சிறுமிகளுக்கு நடுவில் உட்கார வைத்துக் கம்பியை அவர்கள் மடி மேலேயே படியும்படி இறக்கினேன். அப்பா கடைசி வரிசையில் தனியாக ஆடினார். இறங்கும்போது பையன் சிரித்துக்கொண்டிருந்தான், அப்பாவுக்குத்தான் வாந்தி.

ஒரு வரிசைக்கே ஒரு கம்பி என்று இருக்கும் எல்லா ராட்டினத்திலும் இதே கதைதான். அந்தக் கம்பி வரிசையில் இருப்பவர்களில் யார் பருமனோ அவர் மடியில் நின்றுவிடும். ஒல்லியானவருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. குடும்பமாக வருபவர்கள் ஒன்றாக உட்கார ஆசைப்படுவார்கள். ஆசையை மதியுங்கள், ஆனால் உடம்பு வாகு பார்த்து உட்கார வையுங்கள். பூட்டு விழுந்த சத்தத்தை நம்பாதீர்கள், கண்ணால் பார்த்ததையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பியையும் கையால் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கால் கெஞ்சும்போது, கடைசி ரவுண்டில்தான் இழுக்காமல் போகத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான இடத்திலும் நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம். கை தூக்கியபோது அங்கே இருந்த ஆபரேட்டர் தலையாட்டிவிட்டு ரவுண்டை முழுசாக ஓட்டி முடித்தார். "மூணு நிமிஷந்தானேபா, இன்னா ஆயிடப் போவுது?" அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. மறுநாள் நான் போகவில்லை. நாலு நாள் கூலி நின்றுபோனது, அதைக் கேட்டும் போகவில்லை.

இடத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன், மதிய வெயிலில், மெஷினைக் காலியாக ஓட்டிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். நல்ல ராட்டினக்காரர் தினமும் ஓட்டுவார். போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பார், எங்காவது புதுச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு ஏறுவார். எடை வைத்துப் பார்க்க வேண்டுமானால் மணல் மூட்டையை ஏற்றுவார். "நீங்க நாலு பேரு ஏறுங்கடா, பாத்துருவோம்" என்று ஆட்களையே எடைக்கல்லாக ஏற்றுகிற இடத்தில் ஏறாதீர்கள். 2016 மே மாதம் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து விழுந்தது. அதில் இருந்தவர்கள் ஊழியர்கள். ஒருவர் உயிரிழந்தார், பலருக்குக் காயம். பொதுமக்கள் யாரும் ஏறியிருக்கவில்லை என்று அப்போது ஆறுதலாகப் பேசினார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

சரி, சேர்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்கு மெஷின் வேலை மாறும்.

ராட்சத ராட்டினத்தில் ஏற்றுவதே ஒரு கணக்கு. கீழே நிற்கும் தொட்டிலை நிரப்பிவிட்டு அடுத்ததை நிரப்பினால் ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறும். ஒன்றை நிரப்பியதும் அரைச் சுற்று சுற்றி எதிர்த் தொட்டிலை நிரப்ப வேண்டும். இறக்கும்போதும் அதே கணக்கு. முன்னால் நிற்பவருக்கு இது புரியாது, "நாங்கதானே மொதல்ல வந்தோம்" என்பார். விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. "இதோ உங்க தொட்டில் மேல இருக்குக்கா, இறங்கி வருது" என்றால் சமாதானமாகிவிடுவார். காற்று இன்னொரு விஷயம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் சாயங்காலம் திடீரென்று வேகம் எடுக்கும். தொட்டில் தானாக ஆட ஆரம்பித்தால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ராட்டினத்தை நிறுத்துகிறவரே ஆபரேட்டர்.

கொலம்பஸில் இரண்டு நுனியிலும் வீச்சு அதிகம், நடுவில் குறைவு. பயந்தவர்களை நடுவில் உட்கார வையுங்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நண்பர்கள் வற்புறுத்தலுக்காக வருபவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அவரையும் நடுவில்தான்.

டோரா டோரா, பிரேக் டான்ஸ் மாதிரி சுற்றுகிறவற்றில் ஆட்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவார்கள். உள்பக்கம் இருப்பவரின் கனம் முழுக்க வெளிப்பக்கம் இருப்பவர் மேல் போய் அழுத்தும். அதனால் சின்னவர் உள்ளே, பெரியவர் வெளியே. புதிதாகக் கல்யாணமானவர்கள் இதை வேறு காரணத்துக்காக ரசிப்பார்கள். நமக்கு விலா எலும்புதான் கவலை.

டேஷிங் காரில் எல்லோரும் மாட்டிக்கொண்டு கத்தும் கேள்வி, "ரிவர்ஸ் எங்கண்ணா?" ரிவர்ஸ் கியர் கிடையாது. ஸ்டீயரிங்கை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கார் தானாகப் பின்னால் போகும். ரவுண்டு ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் பாதி ஓட்டம் மிச்சம். கரன்ட்டை நிறுத்தாமல் தரையில் இறங்கி ஓடும் ஹெல்பர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். கார் மோதினால் முழங்கால்தான் முதலில் போகும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி துணி. துப்பட்டா, சேலை முந்தானை, சபரிமலைக்கு மாலை போட்டவரின் துண்டு, அவிழ்ந்து தொங்கும் கூந்தல் எல்லாமே சக்கரத்துக்குப் பிடிக்கும். பெண்களிடம் துப்பட்டாவைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். யாரையும் தனியாகப் பார்த்துச் சொல்லாதீர்கள், மேடையைப் பார்த்துப் பொதுவாகச் சத்தமாகச் சொல்லுங்கள். "துப்பட்டா, முந்தானை, துண்டு எல்லாம் முடிச்சுப் போட்டுக்கோங்க, செல்போனை உள்ள வெச்சுக்கோங்க." தொட்டுக் காட்ட வேண்டிய இடம் வந்தால் அவர்களோடு வந்த அம்மாவையோ அக்காவையோ செய்யச் சொல்லுங்கள். பூங்காக்களில் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள். பொருட்காட்சியில் அது இன்னும் அரிதுதான், ஏன் அரிதாக இருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

பொங்கல் வரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும். இரும்பு மேடையும் சீட்டும் ஈரமாகி வழுக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு பழைய துணி இருக்கட்டும். பனியைத் துடைக்கவும் அதுதான், வாந்தி மேல் மணல் போட்டு அள்ளிய பிறகு துடைக்கவும் அதுதான், வேறு வேறு துணியாக இருந்தால் நல்லது.

இந்த வேலையில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். அதிலும் முடியாது என்று சொல்வது. சந்தோஷமாக இருக்க வந்தவரிடம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரிடம், அரை மணி நேரம் வரிசையில் நின்றவரிடம், மேடை வரை வந்த பிறகு முடியாது என்று சொல்ல வேண்டும். உயரக் குச்சிக்கு விரலளவு கீழே நிற்கும் பிள்ளை எட்டிக் கால் நுனியில் நிற்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். முழுகாமல் இருப்பவர்கள், இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில். சொல்லும் விதத்தில்தான் வித்தியாசம்.

என் அனுபவத்தில் மறுப்பை வரிசையின் கடைசியில் சொல்ல வேண்டும், அதாவது அவர்கள் வந்து நிற்கும்போதே. ஒரு பையனை வரிசை முழுக்க உயரக் குச்சியோடு நடக்கவிட்டால் மேடையில் பாதிச் சண்டை இருக்காது. பிள்ளைக்கு முடியாது என்று சொல்லும்போது அதே மூச்சில், "டிராகன் ரயிலுக்குப் போ ராஜா, அது உனக்குத்தான் வெச்சிருக்கு" என்று ஒரு வழியும் காட்ட வேண்டும். டிக்கெட் காசைத் திருப்பித் தரும் அதிகாரம் கவுன்டருக்கு இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசு திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

குடித்தவரிடம் மட்டும் வாதமே வேண்டாம். "அண்ணே, இந்த ரவுண்டு ஃபுல், அடுத்ததுல வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். இரண்டு ரவுண்டில் மிளகாய் பஜ்ஜி பக்கம் போய்விடுவார். "நான் யாரு தெரியுமா?" என்பவர்கள் ஒரு நாளைக்கு ஒருவராவது வருவார்கள். அவர்களை ஆபரேட்டரிடம் அனுப்பிவிடுங்கள். நல்ல ஆபரேட்டர் என்றால் உங்களைக் காட்டி, "பையன் ஓகே சொன்னாத்தாங்க நான் பொத்தானைத் தொடுவேன்" என்று திருப்பிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு டீ வாங்கித் தரலாம்.

மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைச் சேரும்போதே யோசித்து வைக்க வேண்டும். 2025 மே மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உச்சியில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பல மணி நேரம் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் தீயணைப்புத் துறையினர் ராட்சத ஏணி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தனை பெரியது நமக்கு நடக்காது என்றாலும், ஜெனரேட்டர் படுத்து ஐந்து பத்து நிமிஷம் நிற்பது சாதாரணம்.

அந்த நேரத்தில் முதல் வேலை பாட்டை நிறுத்துவது. மேலே மாட்டிக்கொண்டவருக்குக் கீழே குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், தங்களை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றும். மைக் இருந்தால் மைக்கில், இல்லாவிட்டால் தொண்டையில், "கரன்ட் போயிருக்கு, மெஷின் நல்லாருக்கு, பூட்டைத் தொடாதீங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாமல் நேரம் சொல்லாதீர்கள். ஐந்து நிமிஷம் என்று சொல்லி ஆறாவது நிமிஷம் ஆனால் ஒருவராவது பூட்டைத் திறந்து இறங்கப் பார்ப்பார். கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடையருகே நெருங்கும். அதைத் தள்ளி நிறுத்தத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

மூடிய கூடாரத்துக்குள் வேலை கிடைத்தால், பேய் வீடோ பனி உலகமோ, உள்ளே போனதும் வெளியே போகும் வழி எத்தனை, அதில் எதை நாற்காலி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ஊர் இதை மறக்கக் கூடாது. 1886 டிசம்பர் 31 அன்று, இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க்கில், புத்தாண்டுப் பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். தீவுத்திடலிலிருந்து கூப்பிடு தூரம். நாற்காலியை எடுக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பார்கள். நீங்களே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றி. முதல் வாரம் கால், இரண்டாம் வாரம் தொண்டை, மூன்றாம் வாரம் காது. செருப்போடு வருபவர்களைப் பார்க்கிறேன், விரலில் கம்பி இறங்கினால் தெரியும். பழைய ஷூ போதும், ஆனால் ஷூ வேண்டும். தொண்டைக்கு வெந்நீர் பிளாஸ்க். காதுக்குப் பஞ்சு. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றால் சீசன் முடிந்து ஒரு மாதம் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவது கேட்காது. ஒரே சினிமாப் பாட்டு தூக்கத்திலும் ஓடும். நான் இரண்டு படங்களை அந்த ஒரே காரணத்துக்காக இன்றுவரை பார்க்கவில்லை.

உட்காரக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், தியேட்டரும் பொதுக் கேளிக்கை இடங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2021இல் அதைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று எழுதினார்கள். தி. நகர் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துக் கொண்டுவந்த திருத்தம் என்று எல்லோரும் பேசினோம். ராட்டினப் பையனுக்கும் கால் இரண்டுதான். ரவுண்டு ஓடும் மூன்று நிமிஷம் உட்கார முடியாது, அப்போதுதான் பார்க்க வேண்டும். ஆனால் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஸ்டூல் கேட்பதில் என்ன தப்பு? பல வருஷம் விஜிபி பூங்கா வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சின்ன வயதில் சிரிக்க வைக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மேடையில் நின்று பழகிய பிறகு அந்தப் பக்கம் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குச் சின்ன யோசனை. உள்ளே ஸ்டாலில் வாங்கினால் நாள் கூலியில் கால்வாசி பஜ்ஜிக்கே போகும். மதியம் வகுப்பு முடிந்து வரும் வழியில் அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள். மூன்று மணிக்குள் போக வேண்டும். ராத்திரி பசிக்கு ஸ்டால்காரர்களோடு சிநேகம் போதும். அவர்கள் பிள்ளைகளை நீங்கள் ஓசியில் ஏற்றிவிட்டால் உடைந்த டெல்லி அப்பளமெல்லாம் உங்களுக்குத்தான்.

கடைசியாகக் காசு. ஒரு சின்ன நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் எழுதி, வாரக் கடைசியில் கணக்குப் பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் தரம் முறைப்பார், இரண்டாம் தரம் அவரே நோட்டைக் கேட்பார். விடுமுறை நாளில் காலையிலேயே திறந்துவிடுவார்கள், பதினோரு பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அதற்கு ஒரு நாள் கூலிதானா, கூடுதல் நேரத்துக்குத் தனியா என்பதைப் பொங்கலுக்கு முன்பே பேசுங்கள். அவர்களுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் நாள் காணும் பொங்கல். அதற்கு முந்தின நாள் உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு மார்ச் மாதத்தில் இருக்காது. பரீட்சை நெருங்கியதும் கூட்டம் குறையும், ஆட்களையும் குறைப்பார்கள்.

நிலுவையை ஒரு வாரத்துக்கு மேல் ஏறவிடாதீர்கள். "கடைசி நாள் மொத்தமா வாங்கிக்கோயேன், கையில தங்கும்" என்பார்கள். கடைசி நாள் ராத்திரி கேட் மூடியதும் அங்கே நடப்பது வேறு காட்சி. விளக்கெல்லாம் அணைவதற்குள் ஜெனரேட்டர் வண்டி கிளம்பிவிடும். ராட்டினத்தைத் தொட்டில் தொட்டிலாகக் கழற்றி விடிவதற்குள் லாரியில் ஏற்றிவிடுவார்கள். மதுரையில் இடம் காத்திருக்கிறது. அந்த அவசரத்தில் கணக்குப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. "மதுரைக்கு வாயேன், சேர்த்துத் தர்றேன்" என்று ஒருவர் சொல்வார். பரீட்சை இருக்கிறவன் போக முடியாது, போகவில்லை என்றால் காசும் வராது. கழற்றி ஏற்றும் வேலை வேறு, ஹெல்பர் வேலை வேறு, அதற்குக் கூலி தனி. இதை ஒப்புக்கொள்ள வைத்து, பழைய பாக்கியையும் எண்ணி வாங்கிப் பையில் போட்ட பிறகு ஸ்பானரைக் கையில் எடுங்கள்.